நியூட்ரலில் சுற்றிய ஷாப்ட்

1. முதல் நாள்

முப்பத்து நான்கு வருடம் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நான் ஆவூர்க்காரன். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கிணறும் கண்மாயும்தான். எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியபோது எனக்குக் காதில் சீழ். டாக்டர் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு புதுக்கோட்டையில் ஒரு லாரி பட்டறையில் டீசல் வேலை கற்றுக்கொண்டேன். அங்கிருந்து கட்டுமாவடிக்குத் தெற்கே ஒரு மீன்பிடி ஜெட்டிக்கு வந்தேன். அந்த ஜெட்டிதான் என்னைக் கடைசி வரை வைத்துக்கொண்டது.

முதல் நாள் படகு ஓனர் ஒருவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"லாரி மெக்கானிக்கா?"

"ஆமாங்க."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பரவால்ல. தெரிஞ்சவன்தான் தண்ணிக்குள்ள எறங்கி விளையாடுவான். நீ மேலயே கெட."

லாரிக்கும் படகுக்கும் இன்ஜினில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆறு சிலிண்டர், அதே பம்ப், அதே இன்ஜெக்டர். வித்தியாசம் மற்றதில்தான். லாரிக்கு பிரேக் உண்டு, படகுக்கு இல்லை. லாரிக்கு அடியில் ஆள் படுத்திருந்தால் குனிந்து பார்க்கலாம். படகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்தாலும் தெரியாது. எங்கள் கடலில் தண்ணீர் சேறு கலந்தது. ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. ஓட்டுகிறவர் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்பார். மெக்கானிக் இன்ஜின் ரூமில் இருப்பான், அங்கே சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. புரொப்பல்லர் இருப்பதோ பின்னால், தண்ணீருக்குள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை படகில் யாருக்கும் இல்லை.

இது எனக்கு முதல் வாரத்திலேயே தெரியும். தெரிந்தும் நடந்ததைத்தான் எழுதுகிறேன். இப்போது ஜெட்டிக்கு வேலைக்கு வருகிற தம்பிகள் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2. அலையில்லாத தண்ணீர்

எங்கள் பக்கத்துக் கடலில் அலை கிடையாது. குளம் மாதிரி கிடக்கும். கரையிலிருந்து வெகு தூரம் நடந்தாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது; கால் சேற்றில் புதையும். அதனால் நீந்த ஆசைப்பட்டு வருகிறவர்கள் கரையோரம் ஏமாந்து போய், நேராக ஜெட்டிக்கு வருவார்கள். படகு வந்து போவதற்காகத் தோண்டிய வாய்க்கால் அங்கே இருக்கிறது. ஆழம் அங்கேதான்.

அந்த ஆழத்தில் என்னவெல்லாம் கிடக்கிறது என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. அறுந்த வலை, கம்பிக் கயிறு, துருப்பிடித்த நங்கூரம், உடைந்த பாட்டில். மேலே டீசல் படலம். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் நீந்திக் களைத்து, படகுக்கும் சுவருக்கும் நடுவில் தொங்கும் டயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்தில் வேறொரு படகு போனது. அது கிளப்பிய நீரில் இந்தப் படகு மெதுவாகத்தான் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. விலா எலும்பு உடைந்தது. இன்னொரு முறை வெல்டிங் வேலைக்காகக் கரையிலிருந்து இழுத்த ஒயர் ஒன்று தோல் உரிந்து தண்ணீரில் கிடந்தது. பக்கத்தில் குளித்தவருக்குக் கை கால் விறைத்துவிட்டது. கத்தக்கூட முடியவில்லை. கயிறு போட்டு இழுத்தோம். நல்ல வேளை, பிழைத்தார்.

இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அவையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தவை என்றுதான் மனதில் இருந்தது. தடைக்காலம் வந்துவிட்டால் அந்தப் பயமும் போய்விடும். தடைக்காலம் என்றால் மீன் முட்டையிடும் பருவம். இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. எல்லாப் படகும் ஜெட்டியில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு, ஓடாத படகு என்ன செய்யும் என்றுதான் தோன்றும்.

உண்மையில் இன்ஜின்கள் கரையில் அதிகம் ஓடுவது அந்த இரண்டு மாதத்தில்தான். வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட ரிப்பேர் எல்லாம் அப்போதுதான் நடக்கும். பிரித்துக் கழுவி மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, ரேஸ் பண்ணிப் பார்ப்போம். காலையிலிருந்து மாலை வரை ஏதாவது ஒரு படகில் புகை வந்துகொண்டே இருக்கும்.

3. திங்கட்கிழமை

என் தங்கை ஸ்டெல்லாவை ஆவூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை அருளப்பன் சொந்தமாக ஒரு சரக்கு வேன் வைத்து ஓட்டினார். நல்ல உடம்பு, கலகலப்பான ஆள். ஊர்க் கிணற்றில் தலைகீழாகக் குதிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

ஒரு மே மாதம் என் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் முறை நற்கருணை வாங்கும் நாள். அதற்காகக் குடும்பத்தோடு வந்தவர்கள் பள்ளி விடுமுறைதானே என்று இரண்டு நாள் தங்கினார்கள். திங்கட்கிழமை காலை அருளப்பன் கடலுக்குப் போய்விட்டு, கைலி முழுக்கச் சேற்றோடு திரும்பி வந்தார்.

"என்ன மச்சான் ஒங்க கடல்? அரை மைல் நடந்தும் முழங்கால் தண்ணிதான் இருக்கு. எருமைதான் குளிக்கும் இதுல."

நான் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"ஜெட்டிக்கு வாங்க மாப்ள. அங்கிட்டு ஆழம் இருக்கு. அலையும் கெடையாது. தடைக்காலம், ஒரு படகும் நகராது. நம்மூர்க் கெணத்துல குளிக்கிற மாதிரி குளிக்கலாம்."

இந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஜெட்டியின் வடகோடியில் இருக்கும் படிக்கட்டைக் காட்டி, "இங்கனயே குளிங்க" என்றேன். சரி என்றார். நான் பார்க்க வேண்டிய படகு தென்பக்கம், வரிசையில் மூன்றாவது. தண்ணீர் பம்ப்பைக் கழற்றி வைத்திருந்தேன். அதை மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். ஓனர் காலையிலேயே இரண்டு முறை போன் பண்ணிவிட்டார்.

பம்ப்பை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. மேலே ஏறி கியர் லிவரைப் பார்த்தேன். நியூட்ரலில் இருந்தது. வடகோடிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி ஸ்டார்ட் பண்ணினேன். முதல் கிராங்கிலேயே பிடித்துக்கொண்டது. தண்ணீர் நன்றாக வருகிறதா என்று பார்க்க ரேஸ் கொடுத்தேன்.

அப்போது முதுகில் என்னவோ விழுந்தது. கொட்டியது மாதிரி. சுடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஐஸ். ஒரு மண்வெட்டி நிறைய உடைத்த ஐஸ், மேல் திறப்பு வழியாக என் மேல் விழுந்திருந்தது. திட்டுவதற்காக நிமிர்ந்தேன்.

மேலே பாண்டியம்மா நின்றது. நாட்டுப்படகு மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடும் பெண். வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கழுத்தில் வைத்து இழுத்துக் காட்டியது. நான் ஸ்டாப் கம்பியை இழுத்தேன்.

இன்ஜின் நின்றதும் பாண்டியம்மாவின் குரல் கேட்டது.

"பின்னாடி ஆளு! ஒங்க மாப்ள! சுக்கானைப் புடிச்சிக்கிட்டு நின்னாரு, இப்ப காணோம்!"

ஓடிப் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கலங்கிய தண்ணீர். குமிழி இரண்டு மூன்று வந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நேர் கீழே என் தங்கை புருஷன் இருக்கிறார், நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "குதிங்க யாராச்சும்" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

பக்கத்துப் படகு டிரைவர் முனியசாமி வலை பின்னிக்கொண்டிருந்தவர், கையில் இருந்த கத்தியோடு அப்படியே குதித்தார். ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கினார். "கைலி சுத்தியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார். மூன்றாவது முறை வந்தபோது அருளப்பனின் தலையும் கூட வந்தது. முகம் நீலம் பாரித்திருந்தது.

ஜெட்டி மேல் குப்புறப் போட்டு, பிறகு மல்லாக்கப் போட்டு, நெஞ்சை அமுக்கி, முனியசாமிதான் எல்லாம் செய்தார். தண்ணீர் வாயிலிருந்து வந்தது. இருமினார். உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எல்லோரும் காலைப் பார்த்தோம்.

பாண்டியம்மா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டியது. அது மட்டும்தான் என்னிடம் பேசியது:

"அண்ணே, நீங்க காலைப் பாக்காதீங்க. மொகத்தப் பாத்துப் பேசிக்கிட்டே வாங்க."

ஆட்டோ, அங்கிருந்து ஆம்புலன்ஸ், புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி. இடது பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

நடந்தது பிறகு தெளிவானது. படியோரம் நீந்தி அலுத்து, படகு வரிசையைச் சுற்றி வரலாம் என்று தெற்கே வந்திருக்கிறார். களைத்துப்போய், என் படகின் பின்னால் சுக்கானைப் பிடித்து நின்றிருக்கிறார். இடுப்புக் கைலியின் முனை தண்ணீரில் மிதந்து, புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாப்ட்டில் போய்ச் சுற்றிக்கொண்டது. ஷாப்ட் இழுத்தது, பாதம் புரொப்பல்லரில் அடிபட்டது. நீச்சல் எவ்வளவு தெரிந்தும் அதற்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

4. "அது உண்மைதானே"

கியர் நியூட்ரலில் இருந்தது. அப்படியானால் ஷாப்ட் ஏன் சுற்றியது?

மெக்கானிக் தம்பிகளுக்குப் பதில் தெரியும். கியர்பாக்ஸில் கிளட்ச் பிளேட் தேய்ந்து வளைந்துவிட்டால், நியூட்ரலில்கூட முழுதாக விலகாது. லேசாக ஒட்டிக்கொண்டே இருக்கும். ஷாப்ட் மெதுவாகச் சுற்றும். ரேஸ் கொடுத்தால் வேகமாகச் சுற்றும். அந்தப் படகில் அப்படி இருந்தது எனக்குத் தெரியும். இரண்டு மாதமாகத் தெரியும். ஓனரிடம் சொன்னேன். "தடைக்காலம் முடியறதுக்குள்ள பாத்துக்கலாம்ண்ணே, மொதல்ல பம்ப்ப முடிங்க" என்றார். நானும் சரி என்றேன்.

போலீஸ் விசாரணைக்கு முன்னால் ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, கியர் நியூட்ரல்ல இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானே?"

உண்மைதான். அதைத்தான் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். படகுகளுக்கு நடுவே குளிக்க வந்தது குளித்தவரின் கவனக்குறைவு என்று முடிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்னை முறைத்தார்கள். "படகுல இவருதானே இருந்தாரு" என்று மாமியார் ஆரம்பித்தபோது ஸ்டெல்லா குறுக்கே வந்தாள்.

"எங்கண்ணனை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. அண்ணன் நியூட்ரல்லதான் வச்சிருந்துச்சு. போலீசே எழுதியிருக்கு. இவரு அங்கன போனதுக்கு அண்ணன் என்ன பண்ணும்?"

நான் சுவரோரம் நின்றேன். பேசவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் எனக்காகப் பேசினாள், ஒவ்வொரு முறையும் நான் பேசாமல் இருந்தேன். ஆகஸ்ட் வரை இப்படியே போன அந்த மூன்று மாதத்தில் எனக்கு ராத்தூக்கம் குறைந்ததைவிட, அவள் முகத்தை நேராகப் பார்ப்பது குறைந்ததுதான் அதிகம்.

இடையில் ஸ்டேஷனுக்குப் போய் அங்கிருந்த ஏட்டிடம் கிளட்ச் பிளேட் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கேஸ் முடிஞ்சிருச்சுங்க. ஆளு உசிரோட இருக்காரு. எதுக்கு இதையெல்லாம் கெளறிக்கிட்டு? போய் வேலையப் பாருங்க."

வேலையைப் பார்த்தேன். முதல் வேலையாக அந்தப் படகின் கியர்பாக்ஸை இறக்கினேன். ஓனர் மறுப்பேதும் சொல்லவில்லை. பழைய பிளேட்டை மேஜை மேல் வைத்தபோது அது தட்டு மாதிரி வளைந்திருந்தது. கண் உள்ள யாரும் பார்த்தால் தெரியும்.

5. ஆவூர்

ஆகஸ்டில் ஆவூருக்குப் போனேன். அருளப்பன் கூடத்தில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வேனை அதற்குள் விற்றுவிட்டார்கள். இடது காலால் கிளட்ச்சை மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டெல்லா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைக்கதவோரம் நின்றாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. நேராகச் சொன்னேன். அந்தப் படகில் நியூட்ரலிலேயே ஷாப்ட் சுற்றும் என்று எனக்கு முன்னமே தெரியும் என்றேன்.

அருளப்பன் டிரைவர். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நீட்டிய காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தெரிஞ்சும் ஏன் மச்சான் ஸ்டார்ட் பண்ணீங்க?"

"தண்ணிக்குள்ள ஆள் இருப்பாங்கன்னு நெனைக்கல மாப்ள."

"நீங்கதானே என்னைய அனுப்புனீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகப்படுத்துவது மாதிரிதான் சொன்னார். ஸ்டெல்லா நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உள்ளே போயிருந்தாள். நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. போன் போட்டால் பிள்ளைகள் எடுத்தார்கள். மாப்பிள்ளை பேசினார், நலம் விசாரித்தார், அரிசி மில்லில் எடை போடும் வேலை கிடைத்ததைச் சொன்னார். அவள் பேசவில்லை. மறு வருடம் ஈஸ்டர் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது, கோயில் வாசலில் கூட்டத்துக்குள் அவளே என் பக்கம் வந்து நின்றாள். சப்பரம் தூக்கிக்கொண்டு போனார்கள். அது தாண்டும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"நான் ஒங்கிட்ட பேசாம இருந்தது அவரு கால் போனதுக்கில்லண்ணே" என்றாள். "மூணு மாசம். எங்க மாமியார்கிட்ட, நாத்தனார்கிட்ட, பாக்க வந்தவங்க எல்லார்கிட்டயும் ஒனக்காகச் சண்டை போட்டேன். நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்னையப் பேச விட்ட. அதுக்குத்தான்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "வீட்டுக்கு வா, சாப்பிடலாம்" என்றாள். போனேன்.

6. அதன்பிறகு

கற்றுக்கொண்டதை எழுதச் சொல்லி ஜெட்டித் தம்பிகள் கேட்கிறார்கள். சுருக்கமாக எழுதுகிறேன்.

கட்டிக் கிடக்கும் படகை ஓடாத படகு என்று நினைக்காதீர்கள். நியூட்ரலை நம்பாதீர்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் மேலே ஏறி, சுற்றி வந்து, இரண்டு பக்கமும் பின்பக்கமும் தண்ணீரைப் பாருங்கள். சத்தம் கொடுங்கள். நீங்கள் கீழே இருக்கும் வரை பின்பக்கம் ஒரு ஆளை நிறுத்துங்கள். இது நேரம் பிடிக்கும், ஓனர் கத்துவார், கத்தட்டும். குளிக்க வருகிறவர்களிடம், நீச்சல் தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரிந்தவர்தான் படகு வரை வருவார். முக்கியமாக, நீங்கள் தண்ணீருக்குள் இறங்காதவராக இருந்தால், அது பயமில்லாத தண்ணீர் என்று இன்னொருவரிடம் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. விசாரணையில் நான் பொய் சொல்லவில்லை. ஒரு உண்மையைச் சொல்லி, அதன் பின்னால் இன்னொன்றை ஒளித்தேன். அதற்குப் பொய்யைவிட நல்ல பேர் எதுவும் கிடையாது என்பதை என் தங்கைதான் எனக்குப் புரியவைத்தாள்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின தடைக்காலத்தில் ஒரு நாள், ஸ்டார்ட் பண்ண ரெடியாகிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். நான்கு படகு தள்ளி ஒரு தலை தெரிந்தது. நாற்பது வயதுக்காரர், மல்லாக்கப் படுத்து மிதந்துகொண்டிருந்தார்.

"மேல வாங்கண்ணே, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணணும்."

"பண்ணுங்கண்ணே, நான் இங்கிட்டு வரல. அஞ்சு நிமிஷத்துல ஏறிர்றேன்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெட்டியில் உட்கார்ந்தேன். ஓனர் வந்து, "அவருதான் தள்ளிக் கெடக்காருல்ல, போடுங்கண்ணே" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிடம் அரை மணி நேரம் ஆனது. ஓனர் கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

குளித்தவர் படியேறி வந்து தலையைத் துவட்டினார். திருவரங்குளம் பக்கமாம், கடல் பார்க்க வந்தார்களாம்.

"எனக்காகவா காத்திருந்தீங்க? நான் நல்லா நீந்துவேண்ணே."

"கூட யாரு வந்திருக்கா?"

ஏலக் கொட்டகை நிழலைக் காட்டினார். ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னது இவரைப் பார்த்துக் கையாட்டியது.

"போய் அவங்க பக்கத்துல நில்லுங்க" என்றேன்.

ஏன் என்று கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் நடந்தார். அவர் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்து, சின்னதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் இறங்கி ஸ்டார்ட் பண்ணினேன்.